ஆறாவது லைன்

மாலை ஆறே முக்கால். ஊரைத் தாண்டி மூன்று கிலோமீட்டர் ரோடு... வழியில் ஒரு வீடு கிடையாது, ஒரு கடை கிடையாது. ரோட்டின் கடைசியில் ஒரு சப்ஸ்டேஷன். உள்ளே ஒரே ஓர் ஆள். ஆபரேட்டர். என் நண்பனுடைய அக்கா வீட்டுக்காரர்.

கரண்ட் போய் மொட்டை மாடியில் உட்கார்ந்திருக்கிறோம், அதனால் கதை கட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். ஏய், சிரிக்கிறவனே! கீழே தனியாகப் போய் ஒரு சொம்பு தண்ணீர் எடுத்து வா, பார்க்கலாம். முடியாதல்லவா? அப்படியென்றால் வாயை மூடிக்கொண்டு கேள்.

கரண்டுக்கு ஒரு துடிப்பு உண்டு. விநாடிக்கு ஐம்பது. எங்கோ ஒரு பெரிய மின்நிலையம் படுத்துவிட்டால் துடிப்பு இறங்கும். ரொம்ப இறங்கினால் ஊர் உலகமெல்லாம் இருட்டு. அப்படி ஆகாமல் இருக்க, சில லைன்களைத் தானாகவே வெட்டிவிட ஒரு ரிலே வைத்திருப்பார்கள். சின்னப் பெட்டிதான். யாரையும் கேட்காது. எந்த லைன் முதலில் சாக வேண்டும் என்பதை முன்பே வயர் போட்டு முடிவு செய்திருப்பார்கள். அங்கே முதலில் போவது நாலாவது லைன்.

அவர் வீடு அந்த லைனில்தான் இருந்தது. வீட்டில் அக்கா. நுரையீரல் கெட்டுப்போய், மெஷின் வைத்துத்தான் மூச்சு. புஸ்... டக். புஸ்... டக். கரண்ட் நின்றால் அதுவும் நிற்கும். லைனை மாற்றித் தரச் சொல்லி மேலே எழுதிக் கேட்டார். பதில் இல்லை. மறுபடி எழுதினார். அதற்கும் இல்லை.

ஒரு நாள் ரிலேக்குப் பின்னால் கையை விட்டு, இரண்டு வயரை அவரே மாற்றிவிட்டார். நாலுக்குப் பதில் ஆறு.

"ஆறுல என்னடா இருக்கு? ஒரு மரக்கடை, நாலு தெரு. கொஞ்ச நேரம் இருட்டுல இருந்தா செத்தா போயிடுவாங்க?" என்று நண்பனிடம் சொன்னாராம்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அவருக்குத்தான் வந்திருந்ததே... அப்படியும் அடுத்தவன் வீட்டை யோசிக்கவில்லை.

ஒரு மழை நாள் சாயங்காலம், ஆறே முக்காலுக்குத் துடிப்பு இறங்கியது. ரிலே, டக். வெளியே லைனை வெட்டும் பிரேக்கர், டமார். ஆறாவது லைன் செத்தது. உடனே போன்.

"சார், அப்பாவோட மூச்சு மெஷின் நின்னுபோச்சு. கரண்ட் எப்ப வரும்?"

வெட்டிய லைனை மேலிடம் சொல்லாமல் திரும்பப் போடக் கூடாது. ஆனால் நாலை அணைத்துவிட்டு ஆறைப் போட்டிருக்கலாம். கணக்கு சரியாகிவிடும். சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அஞ்சு நிமிஷம்," என்றார்.

மறுபடி போன். "சார், உங்க கால்ல விழறேன் சார்."

"அஞ்சே நிமிஷம்."

மூன்றாவது தடவை யாரும் பேசவில்லை. யாரோ மூச்சுக்குத் திணறும் சத்தம் மட்டும்... போனை அந்த அப்பாவின் வாயருகே பிடித்திருந்தார்கள் போல. பிறகு அதுவும் நின்றது.

கரண்ட் வர நாற்பது நிமிடம் ஆனது. மறுநாள் ஆறாவது லைன் தெருவில் அழுகைச் சத்தம். ஆபரேட்டர் கெட்டவர் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன்? தெரியவில்லை. எனக்குப் பயம் அதை நினைத்துத்தான்.

வயரை அவர் திரும்ப மாற்றவும் இல்லை. எப்படி மாற்றுவார்? மனைவி மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறாளே.

எட்டாவது நாள். அதே ஆறே முக்கால். மீட்டரில் சரியாக ஐம்பது. இறக்கமே இல்லை. அப்படியும்... டக். டமார்.

ஆறு இல்லை. நாலு.

ஓடிப்போய்ப் பின்னால் பார்த்தார். வயர் அவர் போட்டபடியேதான் இருந்தது. சுவிட்சைத் திருப்பினார், பிடித்தது, விழுந்தது. மறுபடி திருப்பினார். விழுந்தது. அறை முழுக்க மருந்து வாடை, ஈர ரப்பர் வாடை. போன் அடித்தது. வயதான குரல். அவசரமே இல்லாத குரல்.

"அஞ்சு நிமிஷம், தம்பி."

ஸ்டேஷனை அப்படியே போட்டுவிட்டு அந்த ரோட்டில் பைக்கை விரட்டினார். அக்காவைப் பார்க்க வந்த என் நண்பன் அப்போதுதான் வாசலில் இறங்குகிறான். தெருவே இருட்டு. வீடும் இருட்டு. ஆனால் உள்ளிருந்து... புஸ்... டக். புஸ்... டக்.

"ஓடுதுடா! மெஷின் ஓடுதுடா!" என்று அழுதுகொண்டே உள்ளே பாய்ந்தார்.

கரண்ட் இல்லாமல் எப்படி ஓடும்? நண்பனுக்கு அது அப்போது தோன்றவில்லை. டார்ச்சை அடித்தான். அக்கா கட்டிலில் கிடந்தாள். தொட்டால் சில்லென்றிருந்தாள். முகத்தில் மாஸ்க் இல்லை.

ரப்பர் குழாய் கட்டிலைத் தாண்டி இழுபட்டு, காலி நாற்காலிக்கு மேலே போயிருந்தது. அங்கே, உட்கார்ந்த ஆளின் முகம் இருக்கும் உயரத்தில், மாஸ்க் சும்மா நின்றது. உள்ளே ஆவி படிந்தது... தெளிந்தது... படிந்தது.

டார்ச் வெளிச்சம் பட்டதும், அது மெதுவாக இவர்கள் பக்கம் திரும்பியது.