நாற்காலி மீது மட்டும்

சக்கர நாற்காலிக்குப் பேரிங் மாற்றுவது ஸ்கூட்டருக்கு மாற்றுவதைவிடச் சுலபம், சார். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். மதலேனம்மாள் அத்தையின் நாற்காலிக்கும் அப்படித்தான் முடிந்தது.

பூப்பாறை மாதா கோயிலுக்குப் போகிற வழியில், என் பட்டறை வாசலில் வந்ததும் அதன் முன்சக்கரம் இறுகிவிட்டது. தள்ளிக்கொண்டு வந்த அவர் மகன் ரிஜின், "கபிரியேலண்ணே, கொஞ்சம் பாத்து அம்மாவ அனுப்பிருங்க, கோயில்ல ஆயிரம் சோலி கெடக்கு," என்று சொல்லிவிட்டு ஓடினான். அன்று அவன் அக்கா ஜிஷாவுக்கும் ஜோஜோவுக்கும் கல்யாணம். அத்தையை இறக்காமலே, முன்பக்கம் ஜாக்கி கொடுத்து வேலையை முடித்தேன். பிறகு பின்சக்கரத்தைத் தூணோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டினேன்.

அத்தையை நான் அடைத்துவைத்ததாக ரிஜின் உங்கள் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறானாம். அது சரியில்லை. நான் வைத்திருந்தது நாற்காலியை. அத்தை அதில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். எஸ்டேட் ஜீப் கவிழ்ந்ததிலிருந்து அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது என்பது வேறு விஷயம்.

நெடுங்கண்டத்தில் மாலை வகுப்பில் சட்டம் படிக்கிறேன். எதை எழுதினாலும் அடித்துத் திருத்துகிற ஆள் நான். ஆனால் இது உறுதி. ஒரு பொருளில் உழைத்தவன், கூலி வரும்வரை அதைத் தன் கைவசம் வைத்திருக்கலாம். இங்கிலீஷில் லீயன், தமிழில் பற்றுரிமை. பொருள் கையைவிட்டுப் போனால் உரிமையும் போய்விடும். கைவசம் இருக்கும்வரை அதை நம் சொந்தப் பொருள்போலக் கவனிக்க வேண்டும். ஆகவே சாரல் படாத மூலையில் நிறுத்தியிருந்தேன். அத்தைக்குப் பால் விடாத கட்டன் சாயாவும் கொடுத்தேன். அது சட்டத்தில் இல்லை, என் சொந்த விருப்பம்.

"எலேய், கோயில்ல மொத மணி அடிச்சாச்சு. விடுல," என்றார்.

"விடலாம் அத்த. கணக்கு தீரட்டும்."

"யாருக்குல நான் அத்த?"

வழக்குக்குத் தொடர்பில்லாத கேள்வி.

மறுநாள் திருவருகைக் காலம் தொடங்குகிறது. கிறிஸ்மஸ் முடியும்வரை எங்கள் கோயிலில் கல்யாணம் கிடையாது. உச்சிவேளைக்குச் சாமியார் வேறு எஸ்டேட்டுக்குக் கிளம்பிவிடுவார். அம்மா வராமல் ஜிஷா பீடத்தின் முன்னால் நிற்கமாட்டாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்திருப்பது குற்றமாகாது. ஜிஷாவும் நானும் ஒரே பஸ்ஸில் போய்வந்த காலத்தில் அவளே சொன்னது. அப்போது நான் கேட்ட ஒன்றுக்கு, "அதெல்லாம் வேண்டாம்ணே," என்று சிரித்தாள். அதுவும் வழக்குக்குத் தொடர்பில்லை.

அத்தையின் போன் ரிஜினிடம் இருந்தது. அதனால் யாருக்கும் விஷயம் தெரியவில்லை. இரண்டாம் மணியும் அடித்தது. அத்தை அழுதார். மூக்கு துடைக்கப் புதுத் துணி எடுத்துக் கொடுத்தேன்.

கடைசியில் ஜிஷாவே தேடி வந்தாள். தலையில் மணப்பெண்ணின் வெள்ளை நெட்டு, சேலைக் கரையெல்லாம் சேறு, பின்னால் குடையோடு ஜோஜோ. சங்கிலியைப் பார்த்தாள். நான் பற்றுரிமையை முதலிலிருந்து விளக்கினேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். நல்ல பெண், சார்.

"படிச்சதெல்லாம் சரிதாண்ணே," என்றாள். "ஒங்களுக்குப் பற்று இருக்கு. உரிமைதான் இல்ல."

பிறகு அவளும் ஜோஜோவும் கையோடு கை கோத்து, அத்தையை அதில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கினார்கள். இப்படி ஒரு வழி இருப்பதை நான் யோசிக்கவே இல்லை. அத்தை மேலேயிருந்து திரும்பிப் பார்த்து, "நாற்காலிக்கு நேரநேரத்துக்குச் சாயா குடுல!" என்றார். ஜோஜோ சிரித்ததில் கிட்டத்தட்டக் கீழே போட்டிருப்பான்.

கல்யாணம் நடந்துவிட்டது. பாட்டுச் சத்தம் பட்டறைவரை கேட்டது.

கூலியைப் பற்றிக் கேட்கிறீர்கள். அத்தை சக்கரம் சுழன்ற உடனே நீட்டினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். மறுபடி நீட்டினார். முதல் மணி அடித்த பிறகு, காதிலிருந்த கம்மலையும் கழற்றி நீட்டினார். கொடுக்க முன்வந்த நிமிஷமே பற்றுரிமை தீர்ந்துபோகும் என்று வகுப்பில் நடத்தியிருக்கிறார்கள். அந்தப் பாடத்தை வாசித்துத்தான் இருந்தேன். ஆனால் வாங்கியிருந்தால் ஜிஷாவை விட்டுவிட வேண்டியிருக்குமே, சார்.

நாற்காலியை. நாற்காலியை என்று எழுதிக்கொள்ளுங்கள்.