கையும் கரமும்

அழறதுன்னா அழும்மா, நான் ஒண்ணும் சொல்லலை. கேக் மேல மட்டும் விழாம பாத்துக்கோ. உப்புக் கரிக்குதுன்னு எங்க வீட்டுக்காரர் கண்டுபிடிச்சிடுவார். உள்ளே வகுப்பு எடுக்கிறது அவர்தானே. இடைவேளைக்கு முதல் துண்டு அவருக்குத்தான்.

ஆமா, பாஸ்டர்தான் என்னை அனுப்பினார். இதுல ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு? உன் வீட்டுக்காரர் இன்னைக்கு வகுப்புல சேந்துட்டார். அதனால வகுப்பு முடிஞ்சதும் நீ அவரோட கார்ல ஏறி வீட்டுக்குப் போகணும். அதுக்கு நான் உன்கிட்ட ரெண்டு நல்ல வார்த்தை பேசணும். உங்களை மாதிரி அனுபவப்பட்டவங்க சொன்னா அந்தப் பொண்ணு கேக்கும்னார். என்ன அனுபவம்னு அவரும் சொல்லலை, நானும் கேக்கலை. சில விஷயத்துல பாஸ்டர்கள் ரொம்ப நாசூக்கு.

அக்கா வீட்லயா இருக்கே? அவதான் கூட்டிட்டு வந்தாளா? உள்ளே வராம வண்டியிலேயே உக்காந்திருக்காளா? ம், விவரமானவதான்.

அந்த டம்ளரையெல்லாம் இப்படித் தள்ளு. நாம பாட்டுக்கு வேலை பாத்துக்கிட்டே பேசுவோம். சும்மா உக்காந்து பேசினா அறிவுரை மாதிரி இருக்கும். இந்த ஜன்னல் வழியா எட்டிப் பாரு, உன் வீட்டுக்காரர் தெரியறாரா? மூணாவது வரிசையா? வெள்ளைச் சட்டை. அடேயப்பா, எவ்வளவு அடக்கமா உக்காந்திருக்கார். கையை மடியில வச்சிருக்கார் பாரு, பள்ளிக்கூடத்துல போட்டோவுக்கு உக்காந்த மாதிரி.

பெரியவங்களுக்கான விசுவாச வகுப்பு. பேரு நல்லாத்தான் இருக்கு. பக்கத்து ரூம்ல சின்னப் பிள்ளைங்க வகுப்பு நடக்குது, சத்தம் கேக்குதா? அங்கேதான் கேள்வி கேப்பாங்க. திமிங்கலம் முழுங்கின தீர்க்கதரிசி அது வயித்துல மூச்சு எப்படி விட்டார், பிரளயத்துக் கப்பல்ல சிங்கம் மானைத் தின்னாதா, அந்த மாதிரி. இந்த ரூம்ல யாராவது கேட்டா, எங்க வீட்டுக்காரர், நல்ல கேள்வி பிரதர், அடுத்த வாரம் பாக்கலாம்னுவார். அடுத்த வாரம் வேற பாடம் வந்திடும். அப்படியே வளந்து, அப்படியே பெரியவங்களாயிடறதுதான்.

வகுப்பு தொடங்குற அன்னைக்கு வட்டமா உக்கார வச்சு, ஒவ்வொருத்தரும் அவங்க தொழிலையும் பிடிச்ச பழத்தையும் சொல்லணும். போன தடவை ஒரு இரும்புக் கடைக்காரர். ஆறடி ஆளு, மீசை ஒரு பக்கம் கதவுக்கு வெளியில நிக்குது. எழுந்து நின்னு, வெக்கப்பட்டுக்கிட்டு, திராட்சைன்னார். எல்லாரும் கை தட்டினாங்க. ஏன் தட்டினாங்கன்னு எனக்கு இன்னும் புரியலை.

அப்புறம் பாடப் புஸ்தகம். எல்லாம் கோடிட்ட இடத்தை நிரப்புறதுதான். நான் காலேஜ்ல இலக்கியம் படிச்சவம்மா. ஒரு வரிக்கு நாலு அர்த்தம் எழுதினா வாத்தியார் அஞ்சாவது எங்கேன்னு கேப்பார். இங்கே ஒரு கோட்டுக்கு ஒரே வார்த்தை, அதுவும் கோட்டு நீளத்துக்கு அளவா வெட்டி வச்சது. குடும்பப் பாடத்துல ஒரு வரி, மனைவியின் முதல் கடமை, அப்புறம் ஒரு கோடு. கீழ்ப்படிதல்னு எழுதணும். நான் உயிரோடு இருத்தல்னு எழுதி வச்சேன். எங்க வீட்டுக்காரர் அதைச் சத்தமா வாசிச்சுட்டு, எங்க வீட்டம்மாவுக்கு எப்பவும் தமாஷ்தான்னு சிரிச்சார். வகுப்பே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். தமாஷ்னு சொல்லிட்டா அப்புறம் சிரிக்காம இருக்க முடியுமா?

கேக்கை இன்னும் கொஞ்சம் பெரிசா வெட்டு. பாவ மன்னிப்புப் பாடம் வர்ற அன்னைக்கு எல்லாருக்கும் பசி ஜாஸ்தி.

முடிவுல சர்டிபிகேட் உண்டு. போட்டோவும் எடுப்பாங்க. உன் வீட்டுக்காரருக்கும் குடுப்பாங்க, கண்டிப்பா. இதுல தோத்தவங்களே கிடையாது. தூங்கினவருக்கும் குடுத்திருக்காங்க. ப்ரேம் போட்டு மாட்டலாம். எந்தச் சுவத்துல மாட்டறதுன்னு மட்டும் யோசிச்சு மாட்டு. உன் தலை போய் இடிக்காத சுவரா பாரு.

சிரிச்சுட்டியே. சரி, சிரி. யாரும் பாக்கலை.

இரு, இரு. அவர் தொண்டையைச் செருமறார். சாட்சி ஆரம்பிக்கப் போறார். புதுசா ஆள் சேந்தா முதல் நாள் அதுதான் வழக்கம். வாத்தியார் தன்னோட சாட்சியைச் சொல்லணும். நான் எப்படி இருந்தேன், கர்த்தர் எப்படித் தொட்டார், இப்போ எப்படி இருக்கேன். மூணு பாகம். எல்லாரோட சாட்சியும் அந்த மூணு பாகம்தான். தையல்கடைக்காரர் ஒருத்தர் இருக்கார். முதல் வருஷம் எப்பவாவது குடிப்பேன்னார். அடுத்த வருஷம் தினமும் குடிப்பேன்னார். இப்போ கடையில இருந்த துணியையெல்லாம் வித்துக் குடிச்சேன்கிறார். அவர் பொண்டாட்டி பக்கத்துல உக்காந்து, எந்தத் துணின்னு முழிக்கிறா. என்ன செய்யறது, கெட்டது பெரிசா இருந்தாத்தானே நல்லது பெரிசாத் தெரியும்.

எங்க வீட்டுக்காரருக்கு அந்தக் கஷ்டம் இல்லை. கூட்டிச் சொல்ல வேண்டியதே இல்லை. அவர் குறைச்சுத்தான் சொல்றார். கேளு, இப்போ சொல்லுவார். என் மனைவியை நான் மிகவும் வேதனைப்படுத்தினேன். கேட்டுச்சா? வேதனைப்படுத்தினேன். பிறந்தநாளை மறந்துட்ட மாதிரி இருக்குல்ல? அடிச்சேன்கிற வார்த்தை அவர் வாயில வந்ததே இல்லை. இத்தனை வருஷமா நானும் ஒவ்வொரு தடவையும் காத்துக்கிட்டிருக்கேன், இந்தத் தடவையாவது வருமான்னு. அந்த இடத்துக்கு வந்ததும் குரலைத் தழைச்சு, கண்ணாடியைக் கழட்டி, வேதனைப்படுத்தினேன்னுவார். உடனே முன் வரிசையில இருக்கிற அம்மாங்க கைக்குட்டையை எடுத்திடுவாங்க. எனக்காக இல்லை. அவருக்காக. பாவம் அண்ணன், மனசுல எவ்வளவு பாரத்தைச் சுமக்கிறார்னு.

அடுத்ததுதான் முக்கியமான கட்டம். ஒரு சாயங்காலம் நான் கோபத்தில் என் கையை ஓங்கினேன், அப்போது தேவனுடைய கரம் என் கையைப் பிடித்தது. பாத்தியா, இவரோடது கை, அவரோடது கரம். வீட்ல இருக்கிறதெல்லாம் கை, சபைக்கு வந்தா கரம். கைன்னா வலிக்கும். கரம்னா ஆசீர்வதிக்கும். நம்ம பாஷையில இப்படி ஒரு வசதி இருக்கும்மா, வார்த்தையை மாத்தினா ஆளே மாறிப் போன மாதிரி இருக்கும். இதுக்குத்தான் இலக்கியம் படிச்ச பொண்ணுங்களைக் கட்டாதேன்னு அவங்க அம்மா சொல்லியிருக்கணும்.

அது முடிஞ்சதும் நான் எழுந்து நிக்கணும். ஆமென், இது சத்தியம்னு சொல்லணும். அவர் சாட்சிக்கு நான் சாட்சி. என்னைக் காட்டாம அந்தக் கதை நிக்காது. இதோ பாருங்க, இவதான் அந்த மனைவி, முழுசா இருக்கா, கேக் கூடச் செய்யறா. அப்புறம் அந்த அம்மாங்க வந்து என்னைக் கட்டிப் பிடிச்சு, நீங்க குடுத்து வச்சவங்கன்னுவாங்க. கர்த்தர் அவரை மன்னிச்சுட்டாராம். நல்லது, அவருக்குப் பெரிய மனசு. அடி வாங்கினவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு மன்னிச்சிருக்கலாம்.

உண்மையிலேயே அன்னைக்குக் கை நின்னுச்சான்னா கேக்கிறே? நின்னுச்சு. பொய் இல்லை. ஆனா பிடிச்சது கர்த்தர் இல்லை, பீரோ. அவர் ஓங்கினார், நான் குனிஞ்சேன், எனக்கு வர வேண்டியதை இரும்பு பீரோ வாங்கிக்கிச்சு. அவருக்கு அடிக்கிறதுலயும் முழு ஈடுபாடு உண்டு, முழு உடம்பையும் போட்டு அடிப்பார். தோள் மூட்டு பிசகி, உள்ளே என்னமோ கிழிஞ்சு போச்சு. தரையில உக்காந்து ஓன்னு அழுதார். நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். போற வழியிலதான் ஒளி வந்துச்சாம். அந்தப் பீரோ இன்னும் எங்க படுக்கை ரூம்ல இருக்கு, கதவு சரியா மூடாது. அதுக்கு யாரும் ஒரு ஸ்தோத்திரம் சொன்னதில்லை. நான் சொல்லுவேன், துடைக்கிறப்போ.

இல்லை, அதுக்கப்புறம் பல வருஷம் அடிக்கலை. சத்தியமா இல்லை. வலது கை நெஞ்சுக்கு மேல எழும்பாது. இடது கையால அவருக்குப் பல்லு விளக்கவே வராது. கத்துவார், தட்டைத் தள்ளுவார், அவ்வளவுதான். பலகையில எழுதறதுன்னாகூட கீழ்ப் பாதியிலதான் எழுதுவார். பாடத்துக்குப் பரலோகம் படம் வரைவார், அதுவும் கீழேதான், நரகத்துக்கும் அதுக்கும் நடுவுல டஸ்டர் வைக்கத்தான் இடமிருக்கும். நல்ல வருஷங்கள்மா அதெல்லாம். கதவு திறக்கிற சத்தம் கேட்டாலும் கையில இருக்கிற வேலையை விடமாட்டேன். மறுபடியும் புஸ்தகம் படிக்க ஆரம்பிச்சேன். ஜன்னல் ஓரமா செடி வச்சேன். சில நாள் பாட்டுக்கூடப் பாடியிருக்கேன், மெதுவா. ஒரு மனுஷனால கையைத் தூக்க முடியலைங்கிறதையே சந்தோஷம்னு பேர் வச்சு அனுபவிச்சிருக்கேன். வேற பேர் தெரியலை எனக்கு.

வகுப்புக்காரங்களுக்கு மனசு கேக்கலை. நம்ம அண்ணன் கை இப்படி இருக்கலாமான்னு ஜெபக் குறிப்புல போட்டாங்க. வாரா வாரம் ஜெபம். தையல்கடைக்காரர் உபவாசம்கூட இருந்தார். என்னையும் நடுவுல நிக்க வச்சு, சுத்தி நின்னு, ஆண்டவரே, உமது ஊழியனின் கரத்தை மறுபடியும் உயர்த்தும், உயர்த்தும்னு கண்ணீர் விட்டுக் கேட்டாங்க. எல்லாரும் ஆமென் சொன்னாங்க. நான் இருமினேன்.

ஆண்டவர் கேட்டுட்டார் பாரு. நான் இளம் வயசுல முழங்கால்ல நின்னு என்னென்னவோ கேட்டிருக்கேன், அப்போ வேற எங்கேயோ வேலையா இருந்தார். இதுக்கு உடனே பதில். புதுசா ஒரு டாக்டர் வந்தார், ஆபரேஷன் பண்ணித் தோள் மூட்டையே மாத்தி வச்சார். வீட்ல சுவத்துல விரலை ஏணி மாதிரி ஏத்தி ஏத்தி இறக்கச் சொன்னாங்க. நான்தான் பக்கத்துல நின்னு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு சொன்னேன். சொல்லித்தானே ஆகணும், பொண்டாட்டி இல்லையா.

இப்போ எட்டிப் பாரு, பரலோகம் எங்கே இருக்கு? பலகை உச்சியில. எம்பாமலேயே வரைஞ்சிருக்கார். போன ஞாயித்துக்கிழமை ஆராதனையில ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி நின்னார். சபையே எழுந்து நின்னு அல்லேலூயான்னு அழுதுச்சு. செவ்வாய்க்கிழமை சோறு கொஞ்சம் குழைஞ்சு போச்சு. அன்னைக்கு வீட்ல ஒரு தடவை தூக்கினார். டாக்டர் கெட்டிக்காரர்தான்.

என்னைக் கூப்பிடறாங்க. ஆமென் சொல்ல வரணுமாம். கூப்பிடட்டும். அந்தக் கத்தியை வச்சிடு, வெட்டினது போதும். பின் கதவு திறந்துதான் இருக்கு. படியில இறங்கி வலது பக்கம் திரும்பினா உன் அக்கா வண்டி நிக்கிற இடம். பாஸ்டர் கேட்டா, பேசச் சொன்னீங்க, பேசினேன்னு சொல்லிக்கிறேன். ரெண்டு வார்த்தைதானே கேட்டார், கூடவே குடுத்திருக்கேன். பையை எடுத்துக்கிட்டியா? நல்லது. செருப்பைக் கையில எடுத்துக்கோ, சத்தம் வரும்.

என்னம்மா? என்ன கேக்கிறே? இந்தப் பக்கம் வந்து சொல்லு. அந்தக் காதுல செவ்வாய்க்கிழமையிலிருந்து எதுவும் விழலை.