பூங்காவுக்கு ஒரு கும்பிடு

ரேடியோவில் ஆட்டம் கேட்டவர் டிக்கெட் வாங்கியிருக்க வேண்டுமா? எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மயிலாப்பூர் டிராமில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தேன். முன் இருக்கையில் ஒரு கால்பந்து கிளப்பின் காரியதரிசி. பக்கத்தில் அவருடைய சிநேகிதர்.

காரியதரிசி சொன்னார்: "நேத்து நம்ம ஆட்டக்காரன் கோல் போட்டுட்டு, மதிலுக்கு அந்தாண்ட கீற பூங்காவைப் பார்த்துக் கும்பிட்டான், நைனா."

"ஏன்?"

"கைதட்டல் அங்கேருந்துதான் வந்துச்சு. ஊரே அங்கே ஒலிபெருக்கி கீழே குந்திக்கினு, நம்ம ஆட்டத்தை ரேடியோல கேட்டுக்கினு கீது. மைதானத்துல காக்காதான்."

"நானும் பூங்காவுலதான் இருந்தேன். பலமாத் தட்டினேன்."

"ரொம்ப உபகாரம்! அந்தக் கைதட்டலை வெச்சித்தான் ஆட்டக்காரங்களுக்குச் சம்பளம் தரணும்."

"ரேடியோக்காரங்க ஒண்ணும் தரலையா?"

"தந்தாங்களே! நல்லா ஆடினோம்னு பேர் தந்தாங்க. இப்படியே வசூல் இல்லாம போனா, இந்த வருஷத்தோட கிளப்பை மூடிடுவோம்."

"அப்புறம் ரேடியோல இன்னா சொல்லுவாங்க?"

"ஆட்டம் இல்லேன்னு சொல்லுவாங்க. அதையும் ஓசியில கேளு."

என் கணவர் ஆட்ட நாளில் டிக்கெட் வாங்கிக்கொண்டு அந்த மைதானத்துக்குப் போய்விடுகிறார். ரேடியோ வாங்கினால் வீட்டிலிருந்தே கேட்பார். குழந்தையையும் சற்றுப் பார்த்துக்கொள்வார். ஆனால் அந்தக் கிளப் விற்கும் டிக்கெட்டில் இன்னும் ஒன்று குறையும். வாங்கச் சொல்லட்டுமா, வேண்டாமா? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.