சத்தம் போடாத ஷட்டர்

ஷட்டரை இறக்கும் விதத்தை வைத்தே ஒரு கடைக்காரன் எப்படிப்பட்டவன் என்று சொல்லிவிடலாம், ஐயா. அவசரக்காரன் அப்படியே விட்டுவிடுவான். அது விழுந்து தெருவையே திடுக்கிட வைக்கும். என் அப்பா துணி வியாபாரி. கொக்கியைக் கழற்றி, முழங்காலை லேசாக மடக்கி, குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல் இறக்கப் பழக்கினார். என் கடை ஷட்டர் இன்றுவரை சத்தம் போட்டதில்லை.

நான் விற்பது பழைய இசைத்தட்டும் கேசட்டும். ஸ்பீக்கர் வாடகைக்கும் விடுவேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஈ காக்கை வராது. அப்போது பல் டாக்டரும் தையல்கார அக்காவும் வந்து உட்காருவார்கள். மூன்று பேருக்கும் ஒரே பைத்தியம்: ‘தண்டவாளம்’ என்ற ப்ளூஸ் ராக் குழு. நாங்கள் பள்ளிக்கூடம் போகும்போதே அது பெரிய குழு. டிரம்ஸ்காரர்கள் சட்டை மாற்றுவதுபோல் மாறினார்கள். பாஸ் வாசித்தவர் சாமியாராகப் போனார். பாடகர் மட்டும் அசையவில்லை. ஆனால் எங்கள் சண்டை முழுக்கக் கிட்டாரைப் பற்றித்தான். முதலில் வாசித்தவரைப் பெரியவர் என்போம். அவர் பாடகரோடு முட்டிக்கொண்டு விலகியதும் ஒரு பையன் வந்தான். பின்னாளில் பாடகரின் மகளையே கட்டிக்கொண்டதால் அவனுக்கு மாப்பிள்ளை என்றே பெயர் நிலைத்துவிட்டது. பெண்ணோடு கிட்டாரையும் சீராகக் கொடுத்துவிட்டார்கள் என்று நான் சொல்வேன்.

பெரியவரின் கடைசி மேடை நிகழ்ச்சி கேசட்டாக வந்தது. அன்று என்னிடமும் டிக்கெட் இருந்தது. சரக்கு வந்திருக்கிறது என்று அப்பா கடையைவிட்டு நகர விடவில்லை. அந்தக் கேசட்டில் ஒரு பாட்டின் நடுவே தந்தி அறும். ‘டங்’ என்று தெளிவாகக் கேட்கும். வேறு எவனாக இருந்தாலும் அங்கே நிறுத்தியிருப்பான். அவரோ மிச்சத் தந்திகளில் தொற்றி ஏறி, அறுந்ததே நல்லதாகப் போயிற்று என்று நாம் நினைக்கும்படி முடிப்பார். என் மனைவி என்னை விட்டுப் போன வருடம் அந்த ஒரு இடத்தைக் கேட்டுத்தான் நான் உயிரோடு இருந்தேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை.

அக்காவுக்கு மட்டும் அதில் ஒரு நெருடல்.

“மாப்பிள்ளை வாசிப்புல ஒரு இழுப்பு இருக்குல்ல, அதே இழுப்பு இதுலயும் இருக்கு தம்பி.”

“காப்பி அடிக்கிறவன் வேற எப்படிக்கா வாசிப்பான்?” என்றேன்.

“நான் அன்னைக்கு நேர்லயே பார்த்தேன் மேடம்,” என்றார் டாக்டர். “பின்னாடி இருட்டுல, தொப்பி போட்டுக்கிட்டுப் பெரியவர்தான் வாசிச்சாரு.”

“நீங்க தொப்பியைப் பார்த்திருப்பீங்க. வாயைத் திறக்கச் சொன்னாத்தானே உங்களுக்கு ஆளே அடையாளம் தெரியும்.”

நாங்கள் சிரித்தோம். அப்போதே அக்காவை நிறுத்தி விவரம் கேட்டிருக்கலாம்.

பாடகருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. எங்கள் ஊரில் கடைசி மேடை என்று அறிவித்தார்கள். பெரியவர் முன்வரிசையில் விருந்தாளி, மேடையில் மாப்பிள்ளை. அசல் சரக்கைக் கல்லாப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு நகலை விற்பது எந்த ஊர் நியாயம், ஐயா? ஸ்பீக்கர்கள் என்னுடையவை என்பதால் அவர்களுடைய மேலாளரிடம் உரிமையோடு பேசினேன். பெரியவருக்கு ஒரே ஒரு பாட்டு கொடுங்கள் என்றேன். வாடகையே வேண்டாம் என்றேன். காலைத் தொடாத குறை.

“மாப்பிள்ளைக்குக் கை கால் சுளுக்கிக்கிட்டா பார்ப்போம் முதலாளி,” என்று அவர் சிரித்தார்.

விளையாட்டுக்குத்தான் சொன்னார். ஆனால் வியாபாரத்தில் உண்மையான விலை விளையாட்டுப் பேச்சில்தான் வெளியே வரும்.

நிகழ்ச்சியன்று மத்தியானம் அரங்கத்தின் பின்வாசலில் பெட்டிகளை இறக்கினோம். அங்கேயும் ஷட்டர்தான், பழையது, கனமானது, கொக்கி தேய்ந்தது. ஒரு பெட்டி வாசற்படியிலேயே சிக்கிக்கொண்டது. நான் ஷட்டரைத் தோள் உயரத்தில் தாங்கிக்கொண்டு, யாராவது வாருங்கள் என்றேன். மாப்பிள்ளை ஓடி வந்தார். யார் கூப்பிட்டாலும் வருகிற மனிதர் அவர்.

“அண்ணே, தனியா மல்லுக்கட்டாதீங்க, இருங்க.”

இடது கையைப் பெட்டியின் இரும்பு விளிம்பில் ஊன்றினார். தந்தியை அழுத்துகிற கை அது. இடதுதானா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன். பிறகு பிடியை விட்டேன்.

நான் இரக்கம் இல்லாதவன் அல்ல. என் துண்டைக் கிழித்துக் கட்டியது நான்தான். என் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தேன். கூடப் போகாததற்குக் காரணம், பெரியவரிடம் யாராவது போய்ப் பேச வேண்டியிருந்ததுதான்.

அவர் மாட்டேன் என்றார். பாடகர் கையைப் பிடித்துக் கெஞ்சியதும் ஏறினார். முதல் பாட்டுகள் பரவாயில்லை. பிறகு அந்தப் பாட்டு வந்தது, அந்த இடமும் வந்தது. பெரியவர் தந்திகள்மேல் விரலை வைத்துக்கொண்டு பாடகரைப் பார்த்தார். பாடகர் தரையைப் பார்த்தார். டிரம்ஸ் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

“வயசாச்சு, மறந்துட்டாரு,” என்றார் டாக்டர், வெளியே வந்ததும்.

“மறந்த மாதிரி தெரியல,” என்றார் அக்கா. “தெரியாத மாதிரி இருந்துச்சு.”

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். மாப்பிள்ளை எழுந்து உட்கார முயன்றார்.

“நீங்க கட்டுப் போடலைன்னா ரத்தம் போயே செத்திருப்பேன்னு இங்க டாக்டர் சொன்னாருண்ணே. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தக் கேசட்டுன்னா உங்களுக்கு உசுருன்னு மாமா சொன்னாரு. அதுல வாசிச்சது நான். பெரியவர் அன்னைக்குக் காலையிலேயே சண்டை போட்டுட்டுப் போயிட்டாரு. அவர் தொப்பியை என் தலையில வெச்சுப் பின்னாடி நிறுத்திட்டாங்க. பெரியவர் பேருலதான் கேசட் விக்கும்னு மாமா சத்தியம் வாங்கிக்கிட்டாரு. இப்ப யாருக்காக மறைக்கிறது?”

நான் பழத்தை உரித்துக்கொண்டிருந்தேன்.

“தந்தி அறுந்து சுண்டுவிரலைக் கிழிச்சுது. தழும்பு இருந்துச்சுண்ணே, காட்டலாம்னா,” என்று கட்டைப் பார்த்துச் சிரித்தார். சுண்டுவிரலோடு பக்கத்து இரண்டு விரல்களையும் எடுத்துவிட்டிருந்தார்கள்.

நான்கு சுளை ஊட்டிவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் நான் கடை அடைக்கும்போது அக்கா எதிரே நின்றுகொண்டிருந்தார். ஷட்டர் தரையைத் தொடும்வரை என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இத்தனை வருஷமா பார்க்கிறேன். ஒருநாளும் உங்க கைநழுவினதில்ல. அங்க மட்டும் எப்படி தம்பி நழுவுச்சு?”

அவர்தான் ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் சொல்லியிருப்பார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

அதற்குப் பிறகு நான் தூங்கவில்லை. கேசட்டைத் திருப்பித் திருப்பி ஓடவிட்டேன். தந்தி அறுகிறது, விரல்கள் ஏறுகின்றன, நாடா தேய்ந்து இரைகிறது. அது யார் கை என்று என் காதுக்குத் தெரியாமல் போகுமா? வலியில் இருப்பவன் ஆயிரம் சொல்வான். தழும்பும் இல்லை, சாட்சியும் இல்லை. சரக்கைக் கண்ணில் காட்டாமல் விலை சொன்னால் எந்த வியாபாரி ஒப்புக்கொள்வான்?

நீங்கள் எழுதியது எல்லாம் சரி, ஐயா. வேண்டுமென்றேதான் விட்டேன். கையெழுத்துப் போடுகிறேன். பேரம் பேசவில்லை, ஒரே ஒரு வேண்டுகோள். அவரை இங்கே அழைத்து வந்து, ஒரு கிட்டாரைக் கொடுத்து, அந்த ஒரு இடத்தை மட்டும் என் எதிரே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வாசித்துவிட்டால் நான் செய்தது தப்பு என்று ஒப்புக்கொள்கிறேன்.