இடது மூலையில் பச்சை

ஹலோ… ஹலோ அத்தே, ரூபாதான். கேக்குதா?… ம்… ம்… திருப்பதியிலதான், கடையில இருக்கறன். நீங்க துன்னீங்களா?… ஏன் துன்னல? கட்டிலாண்டயே மூடி வச்சிட்டுதான வந்தன்… சரி, சரி… பக்கத்து வூட்டு வெங்கடம்மா கூட இல்லியா?… கங்கம்மா ஜாத்திரைக்குக் கெளம்பிட்டாங்களா! வூட்டப் பூட்டிக்கினா?… அப்போ தனியாவா இருக்கறீங்க?… சொம்பு கைக்கு எட்டுதா?… எழுந்துக்காதீங்க அத்தே. கட்டு போட்டவரு என்ன சொன்னாரு? கால அசைக்கவே கூடாதுன்னாரு இல்ல?

…டிவியா?… ஆமா… ஆமா அத்தே, இன்னும் ரிப்பேர்லதான் இருக்குது. பார்ட்டு மெட்ராஸ்லேர்ந்து வரணும்னு சொல்றான்… கேட்டன், நேத்துகூட கேட்டன்… தெரியும் அத்தே. ஜாத்திரைய இன்னிக்குத்தான் டிவில காட்றாங்கன்னு எனக்குத் தெரியாதா? உங்க காலுக்காகத்தான உங்க புள்ள வேண்டிக்கினாரு. பெங்களூர்ல லீவு சொல்லிட்டு வந்து, உங்க கல்யாணப் பொடவயக் கட்டிக்கினு, கங்கம்மாவுக்குப் பொம்பள வேஷம் போட்டுக்கினு போறாரு… நீங்க பாக்க முடியாம… ஐயோ, அழாதீங்க. அத்தே… அழாதீங்க.

ஒக்க நிமிஷம் அண்ணா, கூர்ச்சோண்டி, ஒக்காருங்க… இல்ல, உங்கள இல்ல. கஸ்டமர். கல்யாணப் பத்திரிகை, கம்ப்யூட்டர்ல அடிச்சி முடிச்சி இன்னிக்கே பிரஸ்ஸுக்குப் போயாவணும். இல்லன்னா நானே கோயிலாண்ட நின்னிருக்க மாட்டனா?… ஆமா. பொண்டாட்டி நான்தான் அவரு கூட நிக்கணும்… ஆமா, நீங்க சொல்றது சரிதான்.

அத்தே, ஒண்ணு பண்ணலாம். பக்கத்து… பக்கத்து டீக்கடையில டிவி இருக்குது. லோக்கல் சேனல்ல லைவு ஓடுது. நான் பாத்துப் பாத்து சொல்றன், நீங்க கேளுங்க… ம்… லைன்லயே இருங்க… இருங்க, இந்த ஒயரு… ஒண்ணுமில்ல, கால் இடிச்சிக்கிச்சி. அண்ணா, உங்க பத்திரிகைய ஸ்கிரீன்ல காணோம்னு பயப்படாதீங்க. அது எங்கயும் போவல, அப்புறம் வரும்.

ஹலோ… ஆமா, வந்துட்டன். தெரியுது! ஜனம்னா ஜனம் அத்தே, தலையா தெரியுது… மேளம் அடிக்கறாங்க… வேப்பல கட்டிக்கினு ஒருத்தன் ஆடறான்… ஐயையோ, போலீஸ்காரன என்னமா திட்றான்! காதுல வாங்க முடியல. அந்தப் போலீஸு கையெடுத்துக் கும்பிட்டுக்கினு நிக்கறாரு… ஆமாமா, வேஷத்துல திட்னா கோவிச்சிக்கக் கூடாது, கங்கம்மாவே திட்ற மாதிரி… சிரிக்கறீங்களா? சிரிங்க, சிரிங்க.

இல்ல, இன்னும் வரல… இவரு வேற யாரோ, மீச எடுக்காமயே பொடவ கட்டிக்கினு… அதோ! அத்தே, அதோ அவருதான்! உங்க அரக்குப் பொடவ! மூக்குத்தி எல்லாம் வச்சிக்கினு… முந்தானய நீங்க சொருவற மாதிரியே இடுப்புல இழுத்து சொருவி இருக்கறாரு. மொகத்துல மஞ்சள்… ஒரு பக்கம் பச்ச… இல்ல, இல்ல, அவரு பூசல. இந்த டிவில எடது மூலையில வந்தா எல்லாருமே பச்சையாத்தான் தெரிவாங்க…

…

ஹலோ?… அத்தே?… லைன்ல இருக்கறீங்களா?

…ஆமா.

…ஆமா அத்தே. நம்ம டிவிதான். நீங்க ரேடியோ ஸ்பீக்கர பக்கத்துல வச்சி, அதோட காந்தத்தால வந்த அதே பச்சதான்… இல்ல, ரிப்பேரே ஆவல. என் கடையிலதான் இருக்குது, டீக்கடை கேபிள இழுத்து இதுல சொருவிட்டன்… நீங்க கால ஒடிச்சிக்கினு படுத்ததுக்கு அப்புறம்தான். நீங்க தூங்கும்போது போர்வையில சுத்தி பஸ்ஸுல எடுத்துக்கினு வந்தன்… சினிமா பாக்க இல்ல அத்தே! அப்பிடி நெனச்சிடாதீங்க. கம்ப்யூட்டருக்கு ரெண்டாவது ஸ்கிரீனா மாட்டி இருக்கறன்.

…எதுக்குன்னா… பத்திரிகை அடிக்க வர்ற ஆம்பளைங்க, பேரு சரியா இருக்குதான்னு பாக்க என் சேருக்குப் பின்னாடி வந்து குனிஞ்சிக்கினு நிப்பாங்க. கழுத்து மேல மூச்சு படும். ஒருத்தன் தோள்ல கைய வச்சிக்கினே மாப்பிள்ள பேர காட்றான்… யாருகிட்ட சொல்றது? அவருகிட்ட சொன்னா கடைய மூடுன்னு சொல்லிடுவாரு. இன்னொரு மானிட்டரு வாங்க வழியில்ல. பழைய வீடியோ கார்டு ஒண்ணும் ஒரு மஞ்ச ஒயரும் கெடச்சிது, கம்ப்யூட்டர்லேர்ந்து டிவிக்கு இழுத்துட்டன். எழுத்து கொஞ்சம் கலங்குது, பெருசு பண்ணிட்டா படிக்கலாம். இப்ப எல்லாரும் எதிர் பெஞ்சில ஒக்காந்தே பாத்துக்கறாங்க. இந்தப் பக்கம் ஒருத்தரும் வர்றதில்ல.

…சொல்லி இருக்கலாம்… ஆமா… கேட்டிருந்தா நீங்களே எடுத்துக்கினு போன்னு சொல்லி இருப்பீங்களா?

…சொல்லி இருப்பீங்க. அதான் அத்தே தாங்கல.

…ம்… சரி, மூக்க சிந்திட்டு சொல்றன். இப்ப அவரு கோயில் வாசல்… போச்சு! 

…ஆங்?… அப்புறமா?… அப்புறம் அவரு… ஜனத்தோட சேந்து… கோயில சுத்திக்கினு… இல்ல. இல்ல அத்தே, கரண்டு போச்சு. டிவி இருட்டா இருக்குது, ஒண்ணும் தெரியல. இன்னொரு பொய்ய என்னால சொல்ல முடியாது.

அண்ணா, எழுந்துக்கோங்க, கடைய மூடறன்… சேவ் பண்ணல அண்ணா, தப்பு என்மேலதான். திரும்பி வந்து மொதல்லேர்ந்து அடிச்சித் தர்றன், பக்கத்துக் கடையில டீ குடிச்சிக்கினு இருங்க… அத்தே, கட் பண்ணாதீங்க. ஷட்டரு… ஆச்சு. கோயிலாண்டதான் ஓடிக்கினு இருக்கறன்.

…ஹா… கேக்குதா? மேளம் கேக்குதா?… கொஞ்சம் தள்ளுங்கம்மா… கேக்குதா அத்தே?

அதோ அவரு… அத்தே, அவருக்கும் ரிப்பேருன்னுதான் சொல்லி வச்சிருக்கறன். நீங்களே சொல்லிடுங்க… பின்னாடி வந்து நின்னாங்களே, அத மட்டும்… இல்ல, அதையும் சொல்லிடுங்க. திட்டட்டும். இன்னிக்கு வேஷத்துலதான இருக்கறாரு, கங்கம்மா திட்னதா வாங்கிக்கறன்.

ஏங்க! ஏங்க, இந்தப் பக்கம்!… மூக்குத்திய கழட்டாதீங்க, நல்லாத்தான் இருக்குது. இந்தாங்க, உங்க அம்மா. பேசுங்க.