வலசைக்கு ஒரு பீடம்

— தரையில வைக்கக் கூடாது பூரணம். அந்த முக்காலிய இழுத்துப் போடு.

— முக்காலி ஆடும். இந்த டிரங்குப் பெட்டி மேல வைங்க. பொங்கல் கழிஞ்சு எங்கம்மா வீட்டுக்கு வந்தேன், சித்திரையே பொறந்தாச்சு. ஒரு காயிதம் போடல, ஆள் விடல. இன்னைக்கு என்னத்தையோ துணியில மூடிக் கொண்டாந்து, தரையில வைக்கக் கூடாதுங்கிய.

— காயிதம் எழுத எனக்கு வராது, பாத்துக்க. துணிய எடுத்துப் பாரு.

— மொதல்ல உக்காருங்க.

— இல்ல, நிக்கேன்.

— காலெல்லாம் ஒரே புழுதி. ஸ்ரீவில்லிபுத்தூருலருந்து இன்னைக்கு பஸ் ஓடலயா?

— ஓடுது ஓடுது. வீட்டுல யாரும் இல்லயா?

— அப்பா மில்லுக்குப் போயிட்டாவ. அம்மா அய்யனார் கோவிலுக்குப் போயிருக்கா. மாப்பிள்ளைக்கு மரியாத செய்ய ஆளில்லைன்னு கோவமா?

— அதுக்கில்ல. நீ துணிய எடு.

— ஆமா, பெரிய வைர அட்டியல். எடுக்கேன்... இது என் வலசைல்ல?

— ஒன் வலசைதான்.

— பரண்ல ரெக்கை முறிஞ்சு கெடந்துச்சே.

— எறக்கி ஒட்டியாச்சு. எங்க முறிஞ்சதுன்னு கண்டுபிடி பாப்போம்.

— நானே செஞ்சு நானே பேரு வச்ச கப்பல், எனக்குத் தெரியாதா? இந்தா, இந்த பாபின் சேருற எடத்துல. சும்மா சொல்லக் கூடாது, நல்லாத்தான் இழைச்சிருக்கிய. நூல் மில்லுல கழிச்சுப் போட்ட கோனையும் பாபினையும் பெறக்கிப் பெறக்கி இதச் செஞ்சேன். டெஸ்டிங் லேப்ல கூட வேல பாத்தவளுவ எல்லாம் வாட்டர் பாட்டிலுக்குப் பூப்போட்ட ஒற பின்னுவாளுவ. நான் மட்டும் ராக்கெட் கட்டுதேன்னு சிரிப்பாளுவ.

— கப்பல அப்பறம் பாரு. பீடத்தப் பாரு. அது நான் செஞ்சது. மூணாவது பீடம்.

— மத்தது ரெண்டும் என்னாச்சு?

— மொதப் பீடத்துல சுத்திவர தாமரை எதழ் செதுக்கிட்டேன்.

— விண்வெளிக் கப்பலுக்குத் தாமரையா?

— எங்க தாத்தா காலத்துலருந்து கோயில் வாகனம் செஞ்ச கையி, பாத்துக்க. கருடன், குதிர, யானைன்னு செஞ்சு செஞ்சு, உளிய எடுத்தா எதழ் தன்னால வந்துருது. செஞ்சு முடிச்சுக் கப்பல ஏத்திப் பாத்தா, சாமி பொறப்பாட்டுக்கு நிக்குத மாதிரி நிக்குது. மால ஒண்ணுதான் பாக்கி.

— ரெண்டாவது?

— நாலு காலு வச்சுத் தரையெறங்குன மாதிரி நிறுத்துனேன்.

— வலசை எங்கயும் எறங்காது.

— அதான், நீ சொன்னது பொறவுதான் ஞாவகம் வந்துச்சு.

— என்ன சொன்னேன்? சொல்லுங்க கேப்போம். கல்யாணமான புதுசுல உக்காந்து கத கதையாச் சொன்னேன், நீங்க ம் கொட்டிக்கிட்டே தூங்கிட்டிய.

— அந்தச் சனங்க ஊருல தண்ணி அத்துப் போச்சு. கொளம் கெணறெல்லாம் காஞ்சு, சூரியன் தலைமேல வந்து நின்னுச்சு. எல்லாரையும் ஏத்திக்கிட்டு ஒரு கப்பல் கெளம்புச்சு. எறங்க ஒரு எடந்தேடிப் போயிக்கிட்டே இருக்கு. உள்ளயே புள்ள பொறக்குது, உள்ளயே கெழவனாகுதான். இன்னும் எடம் அகப்படல. சரியா?

— சரிதான். தூங்கலபோல.

— அதனாலதான் இத மயில் வாகனம் செய்யுத மாதிரி செஞ்சேன். மயிலு அம்புட்டு ஒடம்பையும் குச்சிக் காலுல வச்சு நிக்கும். உள்ளுக்குள்ள கம்பி போகுறது வெளிய தெரியாது. இதையும் நூலுல கட்டித் தொங்கவிட்டு, எந்தப் பக்கமும் சாயாத எடத்தப் பாத்து...

— வயித்துல தொள போட்டுட்டியளா?

— போடுவேனா? போட்டா நீ என்னய உசுரோட விடுவியா? பின்னால பொகை போற கொழா வச்சிருக்கேல்ல, அதுவழியா கம்பிய வளைச்சு உள்ள விட்டேன். நடு வரைக்கும் போகுது. ஒன் கப்பல்ல புதுசா ஒரு கீறல் கெடையாது.

— பீடத்துல இந்தப் புள்ளியெல்லாம்?

— கறுப்பு பெயிண்டு அடிச்சு, பல்லு வெளக்குத பிரெஷ்ஷால சுண்ணாம்பத் தெளிச்சேன். நட்சத்திரம். கப்பலுக்குக் கீழயும் இருக்கலாமான்னு ஒரு சந்தேகம்.

— அங்க மேல கீழன்னு ஒண்ணும் கெடையாது. இருக்கலாம்.

— செத்த தள்ளி நின்னு பாரு.

— மெதக்குது.

— மெதக்குதுல்ல?

— சிரிக்காதிய. நான் இன்னும் ஒண்ணும் சொல்லல. இந்த ஜன்னலெல்லாம் யாரு ஒட்டுனது? நான் ஒட்டுன வெள்ளித் தாள் அன்னைக்கே உதுந்து போச்சு. இது ஜிகினாத் தாள். ஒவ்வொண்ணும் அரிசி மணி கணக்கா இருக்கு. உங்க வெரலுக்கு இது வராது.

— பட்டறையில ஒட்டுனதுதான். கொஞ்சம் தண்ணி குடேன்.

— இந்தாங்க. செம்பத் தூக்கிக்கிட்டு வெளிய எங்க போறிய? இங்கயே குடிக்கலாம்ல.

— வெளிய காத்தாட நின்னு குடிச்சிட்டு வாரேன்.

— காத்தா? சித்திர வெயிலு மண்டையப் பொளக்குது... என்ன, தெருமுக்கு வரைக்கும் போயிட்டு வாரிய? செம்ப இப்பிடிக் குடுங்க. இதென்ன, பீடத்துல ரெண்டு தொள, இந்தப் பக்கம் நொழைஞ்சு அந்தப் பக்கம் வருது?

— அது தண்டு மாட்டுத தொள. வாகனத்தத் தோள்ல தூக்கத் தண்டு சொருகுவோம்ல, அது.

— கப்பல எந்த வீதியில தூக்கிக்கிட்டுச் சுத்தப் போறிய?

— சிரிக்கியா? சிரி. எனக்குத் தண்டுத் தொள இல்லாம பீடம் செய்யத் தெரியாது, பாத்துக்க. தாமரைய விட்டுட்டேன், தொள வந்துட்டு. போட்டு முடிச்ச பொறவுதான் எனக்கே தெரிஞ்சுது. அடைக்க மனசு வரல.

— நல்ல கூத்து.

— கூத்து அதோட முடியல. தண்டுத் தொள போட்ட பீடம் பட்டறைய விட்டுக் கெளம்பிட்டா, அது இருக்க வேண்டிய எடம், அதான் நெல, அங்க சேருத வரைக்கும் வண்டி ஏறக் கூடாது. தோள்ல இல்லாட்டி கையிலதான் போகணும். மடவார் வளாகத்துல எங்க பட்டறை வச்ச நாளுலருந்து அதான் வழக்கம்.

— அப்ப நடந்தா வந்திய? அங்கருந்து ராசபாளையம் வரைக்குமா?

— விடியுமுன்ன கெளம்பியாச்சு.

— கூறு இருக்கா உங்களுக்கு? இது என்ன சாமியா? ஒரு பொம்ம.

— பொம்மன்னு நீ சொல்லக் கூடாது பூரணம்.

— நான் சொன்னா என்ன? உங்க வீட்டுல எல்லாரும் கேட்ட சொல்லுதானே.

— அந்தப் பேச்ச விடு.

— எப்பிடி விடச் சொல்லுதிய? ஞாயித்துக்கெழம டி.வி.யில படம் பாக்கத் தெருவே வந்து உக்காந்திருக்கு. டி.வி. மேல என் வலசை இருக்கு. அம்புட்டுப் பேரு முன்னால அத்தை சொல்லுதாவ, வயித்துல ஒண்ணும் தங்கல, இந்தப் பொம்மையப் பெத்து வச்சுக் கொஞ்சுதான்னு. சொல்லிட்டுத் தூக்கிப் பரணுல எறிஞ்சாவ. ரெக்கை முறிஞ்ச சத்தம் இன்னும் எங்காதுல இருக்கு. நீங்க படத்தப் பாத்துக்கிட்டு இருந்திய.

— நான் படம் பாக்கல.

— என்னயத் திரும்பியும் பாக்கல. அவிய சொன்னதவிட அதான் எனக்கு வலிச்சுது.

— அன்னைக்கு எனக்கு நாக்கு எழும்பல. இன்னைக்கு வந்திருக்கேன்ல.

— வந்திய, சரி. பீடமும் நல்லாருக்கு, பொய் சொல்ல மாட்டேன். நான் நெனச்சிருந்தாக்கூட இம்புட்டு நல்லா வந்திருக்காது. வச்சிட்டுப் போங்க. நான் வரல.

— பூரணம்...

— அங்க கொண்டு போயி எங்க வைக்க? மறுபடியும் டி.வி. மேலயா? மறுபடியும் பரணுக்கா? அத்தை வாயிலருந்து ஒரு வார்த்த வரட்டும். தப்பாச் சொல்லிட்டேன் தாயின்னு ஒரே வார்த்த. பொறவு பாப்போம்.

— எங்கம்மா வாயிலருந்து அது வராது. எங்கப்பா செத்த அன்னைக்கே அவ வாய்விட்டு அழல. எடுத்துட்டுப் போன பொறவு பட்டறையில போயி உக்காந்தா. உப்புத்தாளக் கையில வச்சிக்கிட்டு, பாதியில நின்ன ஒரு குதிர வாகனத்தத் தலையிலருந்து வாலு வரைக்கும் தேச்சா. நாங்க கூப்பிட்டும் எந்திரிக்கல. அவளுக்கு எல்லாம் கையிலதான், வாயில வசவு மட்டுந்தான்.

— அது அவிய கொணம். நான் என்ன செய்ய முடியும்?

— சரி, நீ வரவேண்டாம். ஒண்ணு மட்டும் சொல்லு. இந்தப் பீடத்துக்கு நெல எது? இங்கயா, அங்கயா? அதக் கேட்டுட்டுப் போயிருவேன்.

— இதென்ன கேள்வி? நான்தான் வரலன்னுட்டேன்ல.

— வாயத் தொறந்து இங்கதான்னு சொல்லு. செத்த சீக்கிரம் சொல்லு, வெயில் ஏறுது.

— வெயில் ஏறுனா உங்களுக்கு என்ன? நெழல்லதானே நிக்கிய. வந்ததுலருந்து பாக்கேன், காலு ஒரு எடத்துல நிக்கல, கண்ணு வாசலையே பாக்குது. என்ன அவசரம்?

— ஒண்ணுமில்ல. இன்னொரு செம்பு தண்ணி கெடைக்குமா?

— இப்பத்தானே ஒரு செம்பக் காலி பண்ணுனிய. ஒதடு காஞ்சு வெடிச்சுப் போயிருக்கு, அந்தத் தண்ணிய நீங்களா குடிச்சிய?

— நீ தண்ணியக் குடு.

— இருங்க. தோள்ல தண்டு வச்சுத்தானே தூக்கியாந்திய? தண்டு எங்க?

— வாசல்ல சாத்தி வச்சிருக்கேன்.

— தண்டுன்னா முன்னால ஒராளு, பின்னால ஒராளு வேணும்லா? பட்டறை ராக்கப்பனக் கூட்டியாந்தியளா? பாவம், அவன எதுக்கு வெயில்ல நிக்க வச்சிருக்கிய? உள்ள கூப்புடுங்க, மோரு இருக்கு.

— ராக்கப்பன் வரல.

— அப்ப பின் தண்ட யாரு புடிச்சது?

— நான் சொல்லக் கூடாது. சொல்ல மாட்டேன்னு சூடத்துல அடிச்சுட்டு வந்திருக்கேன்.

— யாருன்னு கேக்கேன்.

— எங்கம்மா.

— யாரு? அத்தையா?

— தெருமுக்குல, வேப்பமரத்துக்கிட்ட நிக்கா. ரெக்கைய ஒட்டுனது நான். ஜன்னல ஒவ்வொண்ணா வெட்டி ஒட்டுனது அவ. ராத்திரியில சாப்பாட்டுத் தட்டத் தள்ளி வச்சிட்டு ஒட்டிக்கிட்டு இருப்பா, ஒரு பேச்சு பேச மாட்டா. இன்னைக்கு ராக்கப்பனக் கூப்புடப் போனேன், அவன வேண்டாம்னுட்டா. வழி நெடுக வேற யாருகிட்டயும் தண்ட மாத்திக் குடுக்கவும் இல்ல. எங்கிட்ட, நான் வந்திருக்கேன்னு பூரணத்துக்கிட்டச் சொல்லாத, எனக்காக அவ முடிவெடுக்க வேண்டாம், நெல எதுன்னு மட்டும் கேட்டுட்டு வா, இங்கதான்னு சொல்லிட்டான்னா சத்தமில்லாம திரும்பிருவோம்னு சொல்லிட்டுத்தான் நிக்கா.

— இம்புட்டு நேரமா அந்த மனுசிய வெயில்ல நிறுத்திட்டு, எங்கிட்டத் தாமரை எதழ் கத சொல்லிக்கிட்டு நின்னியளா?

— நான் என்ன செய்யட்டும்? ரெண்டு பேருக்கும் நடுவுல நான் கெடந்து...

— வழிய விடுங்க. அத்தே! அங்க என்ன நிக்கிய, உள்ள வாங்க. பின்பக்கத்துல ஒரு ஜன்னலக் கோணலா ஒட்டியிருக்கிய, வந்து சரி பண்ணிக் குடுங்க. வெயில் தாழ்ந்து நெலைக்குக் கெளம்புவோம், அந்தப் பின் தண்ட நான் புடிச்சிக்கிடுதேன், நீங்க பஸ்ஸுல வாங்க.