பத்து, மேலிருந்து கீழ்

— ஒத்துக்க மாட்டேன்க்கா. அநியாயம். நேத்துப் போட்டதுல ஒரு குறிப்பு உருப்படியா இல்ல, இன்னைக்கு ஆரம்பமே இப்படியா?

— இன்னும் ஒண்ணுதான்டா படிச்சிருக்கேன். அதுக்குள்ள உயிரை வாங்காதே.

— சரி, திரும்பப் படி.

— ஒண்ணு, இடமிருந்து வலம். 'பையில் கிடக்கும், ஊரோடு பேசும்.' மூணு எழுத்து.

— கைபேசி. கை, பே, சி. இதுக்கு எதுக்கு ஒரு குறிப்பு? நேரா விடையையே எழுதிட்டுப் போயிருக்கலாம். தலைப்பு என்னன்னு சொன்னே?

— 'வாசலுக்கு வெளியே.' எல்லா விடையும் வெளியில போறது சம்பந்தமா இருக்கும்.

— கைபேசி வீட்டுக்குள்ளயும்தான் இருக்கு. இப்ப உன் கையில இருக்கே, நீ என்ன நடுத்தெருவுலயா நிக்கறே? தலைப்பே ஓட்டை. எழுதிக்கோ, பத்திரிகைக்கு அனுப்பற லெட்டர்ல முதல் குற்றம்.

— எழுதிக்கிட்டேன், சர்வேயர் துரை. அடுத்ததுக்குப் போலாமா?

— நிஜமா எழுதினியா?

— முப்பது வருஷம் பசங்க பரீட்சைப் பேப்பர் திருத்தினவ நான். எனக்குக் குற்றம் எழுத நீ சொல்லித் தரணுமா?

— இல்ல, ஏழு மாசமா தினம் ஒரு லெட்டர் அனுப்பறோம். ஒரு பதில் உண்டா? ஒரு வரி? மரியாதை தெரியாத மரமண்டை.

— பாவம்டா, அந்த ஆளை ஏன் கரிச்சுக் கொட்டறே? தினமும் ஒண்ணு யோசிச்சுப் போடறது என்ன சாதாரணமா? நீ ஒண்ணு போட்டுப் பாரு, அப்பத் தெரியும்.

— என்ன அவனுக்காக இவ்ளோ பரிஞ்சு பேசறே? சொந்தக்காரனா?

— ஒண்ணு, மேலிருந்து கீழ். 'முன்னால் போவான், பின்னால் வருபவரை விழாமல் பார்ப்பான்.' நாலு எழுத்து. கைபேசியோட முதல் எழுத்துதான் இதுக்கும் முதல் எழுத்து.

— கை-ல தொடங்கணும். இரு... இரு... எம்பத்தஞ்சு, எம்பத்தாறு...

— என்னடா எண்றே?

— கட்டம் எண்றேன். உனக்கு முன்னாடி கட்டம் காகிதத்துல இருக்கு. எனக்கு எங்க இருக்கு? மண்டைக்குள்ள. கண்ணு இருக்கறவங்களுக்கு அவசரம்தான்.

— முன்னெல்லாம் நான் படிச்சு முடிக்கறதுக்குள்ள விடை சொல்லுவே. இப்ப ஒரு மாசமா ஒரு குறிப்புக்கு அஞ்சு நிமிஷம் எடுத்துக்கறே. உடம்புக்கு ஏதாவதா? மூச்சு வேற வாங்குது.

— உடம்புக்கு ஒண்ணுமில்ல. கைகாட்டி. கை, கா, ட், டி. முன்னால நின்னு வழி காட்டும். நாலு எழுத்து, சரியா உக்காந்திருச்சு.

— கைகாட்டி ஒரு இடத்துல நிக்கும்டா. இது முன்னால போகுதுன்னு போட்டிருக்கு.

— அப்ப குறிப்பு தப்பு. முப்பது வருஷம் சங்கிலி பிடிச்சு நிலம் அளந்தவன் நான். எத்தனை கைகாட்டி பாத்திருப்பேன்! எனக்குத் தெரியாதா?

— சரி, அஞ்சு, இடமிருந்து வலம் பாரு. அது இந்த வார்த்தையோட மூணாவது எழுத்துல வந்து முட்டுது. 'கூடப் பிறந்தவன், பிடிவாதத்தில் மூத்தவன்.' மூணு எழுத்து.

— என்னது?

— 'கூடப் பிறந்தவன், பிடிவாதத்தில் மூத்தவன்.'

— இதெல்லாம் ஒரு குறிப்பா? எந்த அகராதியில தம்பின்னா பிடிவாதம்னு போட்டிருக்கு? ஊர் உலகத்துல சாதுவான தம்பியே கிடையாதா?

— நான் பாத்ததில்ல.

— வாசலுக்கு வெளியேன்னு தலைப்பு. அதுல தம்பி எங்கேர்ந்து வந்தான்?

— வெளியே வரணும்னு ஆசையில போட்டிருப்பாங்களோ என்னவோ. தம்பிதானே விடை? த, ம், பி. இப்ப உன் கைகாட்டியோட மூணாவது எழுத்து என்ன ஆகுது?

— ...த.

— கை, ஒரு எழுத்து, த, இன்னொரு எழுத்து. சொல்லு.

— சொல்ல மாட்டேன்.

— தெரிஞ்சுக்கிட்டே சொல்ல மாட்டேங்கறே.

— கைத்தடி. போதுமா? சந்தோஷமா? டாக்டர் கொடுத்த வெள்ளைத் தடி கதவுக்குப் பின்னால மூலையில கிடக்கு, அதைத் தொடக்கூட இல்லைன்னு தினம் நீ புலம்புவே. இப்ப பத்திரிகைக்காரனும் ஆரம்பிச்சுட்டானா? இது புதிரா, புத்திமதியா?

— எனக்கென்ன தெரியும்? போட்டிருக்கறதைப் படிக்கறேன்.

— ஒரு தலைப்புன்னா எப்படி இருக்கணும்? மூடி வச்சிருக்கணும். கடைசி விடை விழுந்தப்புறம்தான், அட, இதுவான்னு தோணணும். இந்த ஆளு தலைப்பைத் தூக்கித் தலையில போடறான். எழுதிக்கோ, ரெண்டாவது குற்றம்.

— எழுதறேன், எழுதறேன். என்னடா அங்க ஒரே ஹாரன் சத்தம்?

— ஜன்னல் திறந்திருக்கு.

— மூணாவது மாடிக்கு இவ்ளோ பக்கத்துலயா கேக்கும்?

— காத்து அந்தப் பக்கம் அடிக்குது. நீ படி.

— ஒன்பது, இடமிருந்து வலம். 'ஏறினால் மூச்சு வாங்கும், இறங்க மனசு வராது.' ஆறு எழுத்து.

— படிக்கட்டு. ஏறினா மூச்சு வாங்கும், ஒத்துக்கறேன். அது என்ன, இறங்க மனசு வராதுன்னு? இறங்கறதுக்கு யாராவது யோசிப்பாங்களா?

— உனக்கு வரலையேடா! ஏழு மாசம் ஆச்சு. கண்ணு போச்சுன்னு கதவைச் சாத்திக்கிட்டவன்தான், ஒரு படி இறங்கலை. எனக்கு முட்டி போயிருச்சு, உன் மூணு மாடி ஏற முடியாது. உனக்குக் காலு நல்லாத்தான் இருக்கு, இறங்க மாட்டே. நாலு தெரு தள்ளி இருந்துக்கிட்டு ரெண்டு பேரும் ஏதோ கடல் தாண்டி இருக்கற மாதிரி போன்ல பேசிக்கிட்டிருக்கோம்!

— அக்கா, நம்ம ஒப்பந்தம் என்ன? புதிர் நேரத்துல வேற பேச்சு கிடையாது.

— ஒப்பந்தமாம்! உன் முகத்தைப் பாத்து ஏழு மாசம் ஆகுது, தெரியுமா? இளைச்சிருக்கியா, ஊதியிருக்கியா, ஷேவ் பண்றியா, ஒண்ணும் தெரியலை எனக்கு. ஆட்டோ அனுப்பறேன்னா வேணாம்ங்கறே. அப்பார்ட்மெண்ட் வாட்ச்மேனைக் கைபிடிச்சுக் கூட்டிட்டு வரச் சொல்றேன்னா, என்னைப் பொருட்காட்சியில வைக்கப் போறியான்னு கத்தறே.

— கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போறது எனக்குப் பிடிக்காது. நான் பாத்த உத்தியோகம் என்ன, இப்ப...

— *சார், சார், பாத்து! லெஃப்ட்ல பள்ளம் வெட்டி வச்சிருக்கான்!*

— யாருடா அது?

— டிவி.

— டிவியில பள்ளம்னு யார் சொல்றாங்க?

— ஏதோ சீரியல். காதால கேக்கறதுக்கு எது ஓடினா என்ன? அடுத்தது படி, தலையை வலிக்குது.

— எனக்குத்தான் தலைவலி. மேல் வீட்டுல ஒரு வாரமா ஆணி அடிக்கறாங்க, மனுஷி பேச முடியலை. பத்து, மேலிருந்து கீழ். படிக்கட்டோட நாலாவது எழுத்துல தொடங்குது. 'மூடினால் சுவர், திறந்தால் வழி.' மூணு எழுத்து.

— அது கடைசில.

— ஏன், தெரியலையா?

— தெரியும். கடைசில சொல்றேன்.

— எப்பலேர்ந்து இந்தப் பழக்கம்?

— எனக்குன்னு ஒரு முறை இருக்கு. மேல போ.

— பதினொண்ணு, இடமிருந்து வலம். 'பார்க்க வேண்டாம், தோலே சொல்லும்.' மூணு எழுத்து.

— வெயில். வெ, யி, ல்.

— அவ்வளவுதானா? குற்றம் ஒண்ணும் இல்லையா?

— இல்ல. நல்ல குறிப்பு.

— என்னது? இன்னொரு தடவை சொல்லு.

— நல்ல குறிப்புன்னேன். கண்ணு வேணாம், தோலே சொல்லுது. முதுகுல சுள்ளுன்னு அடிக்குது இப்பகூட.

— உன் வீட்டு ஜன்னல்ல காலையில வெயில் வராதேடா. அது மேக்குப் பாத்த ஜன்னல்.

— நீ புதிரைப் படிக்கறியா, என் வீட்டை அளக்கறியா? சர்வேயர் நீயா, நானா? முந்நூத்திப் பத்து... சே, எண்ணிக்கை விட்டுப் போச்சு.

— பதினஞ்சு கட்டத்துக்குப் பதினஞ்சு கட்டம். எல்லாத்தையும் எண்ணினாலே இருநூத்தி இருபத்தஞ்சு. உனக்கு முந்நூத்திப் பத்து எங்கேர்ந்து வந்துச்சு?

— உனக்குக் கணக்கு டீச்சர் புத்தி போகவே போகாதா?

— பதினாலு, இடமிருந்து வலம். 'இருவர் சேர்ந்தே போவார், ஒருவர் தொலைந்தால் மற்றவர் குப்பைக்கு.' நாலு எழுத்து.

— செருப்பு. இதுவும் பரவாயில்ல. ஆனா கைத்தடி, படிக்கட்டு, வெயில், செருப்பு... ஏன் நேரா 'டேய், வெளியில வாடா'ன்னு ஒரே வார்த்தையா போட்டுட வேண்டியதுதானே?

— கட்டம் பத்தாது.

— அக்கா.

— என்ன?

— போன மாசம் பேப்பர்காரங்களுக்கு ஒரு நாள் லீவு. மறுநாள் யார் வீட்டுக்கும் பேப்பர் வரலை.

— அதுக்கென்ன இப்ப?

— அன்னைக்குக் காலையில நீ எனக்குப் பதினெட்டுக் குறிப்பு படிச்சே. தலைப்புகூட ஞாபகம் இருக்கு, 'ஆறும் கடலும்'.

— அது... பழைய பேப்பரா இருக்கும்.

— நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா எனக்குத்தான் குற்றம் கண்டுபிடிக்காம தூக்கம் வராதே. முதல் மாடியில இருக்கற பேங்க்காரர் அதே பேப்பர்தான் வாங்கறாரு. போய்க் கேட்டேன். பேப்பர்ல புதிரே நின்னு போச்சாம். அஞ்சு மாசமா அந்த இடத்துல கட்டில் மெத்தை விளம்பரம் வருதாம்.

— இரு, இரு. போய்க் கேட்டியா? முதல் மாடிக்கா? நீ எப்படிடா...

— சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு. இருபத்திரெண்டு படி, ஒரு திருப்பம், மறுபடி இருபத்திரெண்டு. உன் புத்திமதிக்கு இறங்காத காலு, அந்த மரமண்டையைக் கையும் களவுமா பிடிக்கணும்னதும் கடகடன்னு இறங்கிருச்சு.

— அப்ப ஒரு மாசமா உனக்குத் தெரியும்.

— தெரியும்.

— தெரிஞ்சுக்கிட்டே தினமும் என்னை மரமண்டை, மரியாதை தெரியாதவன்னு திட்டினியா?

— திட்டாம இருந்தா உனக்குச் சந்தேகம் வந்திருக்குமே. தவிர, சில குறிப்பு நிஜமாவே மோசம்க்கா.

— நாய்ப் பயலே! சாப்பாட்டு மேஜையில ஸ்கேலை வச்சுக்கிட்டு, கட்டம் போட்டு, எழுத்து எண்ணி, அழிச்சு அழிச்சுப் போடறேன். புதிர் நின்னு போச்சுன்னு தெரிஞ்சா, காலையில எந்திரிக்கறதுக்குக்கூட உனக்குக் காரணம் இருக்காதேன்னு பயந்தேன்டா. நீ என்னன்னா குற்றப்பத்திரிகை வாசிக்கறே!

— லெட்டரெல்லாம் என்ன பண்ணினே?

— பீரோவுல இருக்கு. ஒவ்வொண்ணையும் படிச்சுத்தான் மறுநாள் புதிர்ல திருத்துவேன்.

— அதான் கொஞ்சம் கொஞ்சமா தேறிக்கிட்டு வந்தான் அந்த ஆளு... அன்னைக்குப் பேங்க்காரர் சொன்னதும் அங்கேயே படியில உக்காந்து அழுதேன்க்கா. அவரு பயந்து போய்த் தண்ணி கொண்டாந்து கொடுத்தாரு. அப்பதான் ஒரு முடிவு பண்ணேன். மறுநாள்லேர்ந்து நீ குறிப்பு படிக்கப் படிக்க நான் நடந்தேன். முதல் வாரம் வாசல் வரைக்கும். ரெண்டாவது வாரம் தெருமுனை. அதனாலதான் விடை சொல்ல நேரமாச்சு.

— நடந்தியா? தனியாவா? ஐயோ, கீழ விழுந்தா... ஹாரன் சத்தம்! ஜன்னல் திறந்திருக்குன்னு சொன்னியே!

— நிலத்தை எப்படி அளந்தேனோ, அப்படித்தான் தெருவையும் அளந்தேன். உன் புதிர் முடியறதுக்குள்ள நாலு தெரு. நேத்து மூணுல நின்னுட்டேன், திரும்பிப் போயிட்டேன்.

— இந்த மேல் வீட்டுக்காரனை என்ன பண்றது! டொக்கு டொக்குனு உயிரை எடுக்கறான், நீ சொல்றது பாதி காதுல விழலை. இப்ப எங்கடா இருக்கே? தெருவுலயா? அங்கேயே ஓரமா நில்லு, அசையாதே, ஆட்டோ அனுப்பறேன்.

— அதெல்லாம் இருக்கட்டும், ஒரு விடை பாக்கி இருக்கே.

— இப்ப புதிரா முக்கியம்? விடையும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீ எங்க நிக்கறே, அதைச் சொல்லு முதல்ல!

— பத்து, மேலிருந்து கீழ். கதவு. இப்ப மேல் வீட்டுல யாரும் ஆணி அடிக்கலைக்கா, மூணு நிமிஷமா நான்தான் தடியால தட்டிக்கிட்டு நிக்கறேன், வந்து திற.